வேலூர் மாடியில் அரைக்கிலோ தக்காளி: விதை போடுவதிலிருந்து விதை எடுப்பது வரை

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாக இறங்கும் தக்காளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பலமனேர், மதனப்பள்ளி, கோலார் என்று பதில் வரும். எல்லாம் மேட்டு ஊர்கள், கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் இருப்பவை. நம் ஊர் சுமார் 700 அடி உயரத்தில், சுற்றிலும் பாறைக் குன்றுகளோடு இருக்கிறது. பகல் முழுக்கச் சூடேறிய பாறை ராத்திரியிலும் அனலை விடுகிறது. தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இந்த ராத்திரிச் சூடுதான் பெரிய தொல்லை. இரவு வெப்பம் 15 முதல் 21 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் பூ நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். 24-ஐத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரத் தொடங்கும். சின்னக் காய் ரகங்கள் ஓரளவு சமாளிக்கும். ஒரு பழமே அரைக்கிலோ, முக்கால் கிலோ வரும் ராட்சத ரகங்களுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

"வேலூர் வெயிலுக்கு அதெல்லாம் வராது" என்று பலரும் சொல்வார்கள். வரும். கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி முதல் வாரம் வரை நம் ஊர் ராத்திரியும் தக்காளிக்கு ஏற்ற ராத்திரிதான். அந்த இடைவெளியில் பூ பூக்கும்படி விதைப்பைக் கணக்குப் பண்ணிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பூத்ததில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கிள்ளிப் போடுவது என்பதில் இருக்கிறது மீதிப் பாதி. அப்புறம் விதை. ஒரு முறை பெரிய பழம் எடுத்துப் படம் பிடித்து வைப்பதோடு நிறுத்த வேண்டாம் என்பது என் ஆசை. நம் மாடியில் தாங்கி நின்ற செடியிலிருந்து விதை எடுத்து அடுத்த பட்டத்துக்குப் போட வேண்டும். அதனால்தான் விதை எடுக்கும் பகுதியை நீட்டி எழுதியிருக்கிறேன்.

எப்போது விதைப்பது

புரட்டாசி முதல் மூன்று வாரத்துக்குள், அதாவது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ விதை போடுங்கள். 30 முதல் 35 நாளில் நாற்று தயாராகிவிடும். ஐப்பசிக் கடைசியில், மழை ஓய்ந்த இரண்டு நாள் பார்த்து நடவு. நட்ட 40, 45 நாளில், மார்கழியில், முதல் பூங்கொத்து வரும். ராட்சத ரகத்தில் பிஞ்சு பிடித்ததிலிருந்து பழுக்க 50 முதல் 60 நாள் ஆகும். மாசியில் பழம் கைக்கு வரும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் முக்கியமான அறுவடையை முடித்துவிடலாம்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி இந்தத் தக்காளிக்குப் பொருந்தாது. ஆடியில் போட்டால் பூ வரும் நேரம் புரட்டாசி, ஐப்பசி. ராத்திரி இன்னும் குளிர்ந்திருக்காது, மாலை மழை வேறு பூவை நனைக்கும். தையில் போட்டால் பங்குனி, சித்திரையில் பூக்கும். அந்தப் பூ அத்தனையும் கொட்டிவிடும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கெடுபிடி இல்லை, அவர்கள் முன்னே பின்னே போடலாம்.

எந்த ரகம்

நாம் வழக்கமாகப் பயிரிடும் பி.கே.எம். 1 போன்ற ரகங்களை எவ்வளவு ஊட்டி வளர்த்தாலும் அரைக்கிலோ வராது. பழத்தின் உள்ளே இருக்கும் அறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அது. சாதாரணத் தக்காளியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு முதல் ஐந்து அறை தெரியும். ராட்சத ரகத்தை வெட்டினால் சின்னச் சின்ன அறைகள் பத்துக்கு மேல் கோணல்மாணலாக ஓடும், நடுவில் சதை கெட்டியாக இருக்கும். இது பரம்பரைக் குணம், உரம் போட்டு வரவழைக்க முடியாது.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கார்டன் கிரஹாம் என்பவர் 1986-இல் 3.51 கிலோ எடையில் ஒரே தக்காளியை எடுத்து உலக சாதனை படைத்தார். ரகம் 'டெலிஷியஸ்'. அது 28 ஆண்டு நின்றது. 2014-இல் மினசோட்டாவில் டான் மெக்காய் 'பிக் ஸாக்' ரகத்தில் 3.81 கிலோ எடுத்து அதைத் தாண்டினார். பிறகு அந்த எடையும் தாண்டப்பட்டுவிட்டது. மினசோட்டாவில் கோடையில் பகல் நீளம், ராத்திரி குளிர்ச்சி. நம் மாடியில் அரைக்கிலோ வந்தாலே அருமை என்று வைத்துக்கொள்ளுங்கள், கவனமாகப் பார்த்தால் முக்கால் கிலோவும் எட்டும்.

முதன்முறை போடுகிறவர்களுக்கு நான் சொல்வது 'மார்ட்கேஜ் லிஃப்டர்' ரகம். ராட்சத ரகங்களில் வெயிலையும் வறட்சியையும் ஓரளவு பொறுத்துக்கொள்வது அது. 'செரோக்கி பர்ப்பிள்' அளவில் சற்றுச் சின்னது, கால் கிலோவுக்கு மேல் வரும், ருசி நன்றாக இருக்கும். 'பிராண்டிவைன்' ருசிக்குப் பேர்போனது, ஆனால் பிஞ்சு பிடிக்க ரொம்பத் தயங்கும். அதை இரண்டாவது வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதைப் பாக்கெட்டில் 'எஃப் 1' என்று அச்சடித்திருந்தால் அது வீரிய ஒட்டு, அதாவது இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கியது. பழம் நன்றாக வரும், ஆனால் அதன் விதையைப் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக வரும். விதை எடுக்க நினைப்பவர்கள் அதை வாங்க வேண்டாம்.

நாற்று

குழித்தட்டில் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் சரிபாதி கலந்து, கால் அங்குல ஆழத்தில் குழிக்கு ஒரு விதை. ஆறேழு நாளில் முளைக்கும். இந்த நிலையில் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: முளைத்த நாள் முதல் நாற்று வலைக்குள் இருக்க வேண்டும். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் வெள்ளை ஈ சுலபமாக நுழைந்துவிடும், பூச்சி புகாத நெருக்கமான நைலான் வலை தேவை. இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. நாற்றிலேயே தொற்றிய செடி கடைசி வரை குட்டையாக, இலை மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும், மருந்தே கிடையாது. வெளிநாட்டு ராட்சத ரகங்களுக்கு இந்த வைரஸ் பழக்கமில்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை. முதல் ஒரு மாதம் வலைக்குள் காப்பாற்றிவிட்டால், பிறகு தொற்றினாலும் ஒன்றிரண்டு கொத்தாவது தேறும்.

முதலில் வரும் வித்திலை போக, இரண்டு உண்மை இலை வந்ததும் நாற்றை ஒரு டம்ளர் அளவுக் கப்புக்கு மாற்றி, தண்டைக் கழுத்து வரை புதையுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும்.

பை, மண், தண்ணீர்

சின்னத் தொட்டியில் பெரிய பழம் வராது. ஒரு செடிக்கு 50 முதல் 60 லிட்டர் பிடிக்கும் பை வேண்டும். நனைந்த மண்ணோடு பை ஒன்று 60 கிலோவுக்குக் குறையாது, அதனால் மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் தளத்துச் சூடு வேரில் ஏறாது. கறுப்புப் பையாக இருந்தால் வெயில் படும் பக்கம் வெள்ளைத் துணியோ பழைய சாக்கோ சுற்றிவிடுங்கள்.

செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம், கழுவிய கோகோபீட் மூன்றும் சம பங்கு. கோகோபீட்டைக் கழுவாமல் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும். பைக்கு இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு, ஒரு கை எலும்புத் தூள், ஒரு கை ஜிப்சம், வேர் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கொஞ்சம் கலந்து, நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே நனைத்து வையுங்கள். கத்தரி, மிளகாய் இருந்த மண்ணைத் தக்காளிக்குத் திருப்பிப் போட வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றுக்கு வந்த வாடல் நோய் அடுத்ததற்கும் வரும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளுக் கத்தரிக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. கத்தரி வைக்காத வீட்டுத் தோட்டமே குறைவு. அதனால் இந்தச் சுற்று மாற்றம் நமக்கு ரொம்ப முக்கியம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பாலாற்றுப் படுகையில், குறிப்பாக ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் தொழில் ஊர்களில், நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறிக் கிடக்கிறது. வேலூரிலும் போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் தக்காளிச் செடி செத்துப்போகாது. பழம் இனிப்பாகக்கூட இருக்கும். ஆனால் வேர் தண்ணீரை இழுக்கச் சிரமப்படுவதால் பழம் பெருக்காது, அடிப்பகுதியும் கறுத்து அழுகும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உங்கள் தண்ணீர் 1,000-க்கு மேல் காட்டினால் ராட்சதத் தக்காளிக்கு அந்தத் தண்ணீர் மட்டும் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையை மாடிக் குழாயிலிருந்து டிரம்மில் பிடித்து வையுங்கள், மூடி போட்டு. குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரோடு போர் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தும் ஊற்றலாம். வாரம் ஒரு முறை பையின் அடியில் வழிந்தோடும்படி நல்ல தண்ணீர் விட்டால் தேங்கிய உப்பு கழுவிக்கொண்டு போகும். மண்ணையும் தண்ணீரையும் முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு ஊற்றுவது? மார்கழியில் வளர்ந்த செடிக்கு நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர். மாசிக் கடைசியில் நான்கு, ஐந்து. அளவைவிடச் சீர்தான் முக்கியம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் பழம் காம்பைச் சுற்றி வெடிக்கும். மேல் மண்ணில் நாலு விரல் கனத்துக்கு வைக்கோலோ கரும்புச் சோகையோ போட்டு மூடாக்கு இடுங்கள்.

நடவும் கட்டும்

மாலையில் நடுங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டுத் தண்டில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும். நட்ட அன்றே ஆறடிச் சவுக்குக் கழி ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும்.

செடியை ஒற்றைத் தண்டாக வளர்க்க வேண்டும். இலைக்கும் தண்டுக்கும் நடுவில் கிளம்பும் பக்கக் கிளையை, விரல் நீளம் வருவதற்குள் காலை வேளையில் கிள்ளிவிடுங்கள். காலையில் தண்டு விறைப்பாக இருக்கும், சுலபமாக ஒடியும், காயமும் மாலைக்குள் ஆறிவிடும். கத்தரிக்கோல் வேண்டாம், ஒரு செடியின் நோயை அது இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். இலையை மட்டும் தாராளமாக வெட்டாதீர்கள். மண்ணைத் தொடும் கீழ் இலைகள் போனால் போதும். பழத்துக்கு நிழல் தரும் இலையை எடுத்தால் மாசி வெயில் பழத்தின் தோளை, அதாவது காம்பைச் சுற்றிய மேல்பகுதியை, வெள்ளையாகச் சுட்டுவிடும்.

பூவில்தான் அளவு முடிவாகிறது

உரம், தண்ணீர், மண் எல்லாம் இருக்கும் பழத்தைப் பெருக்க வைக்கும். எவ்வளவு பெருக்கலாம் என்ற எல்லை பூவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதனால் மார்கழி மாதம் தினமும் காலை பூங்கொத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள்.

சாதாரணத் தக்காளிப் பூவில் ஐந்தாறு மஞ்சள் இதழ், நடுவில் மகரந்தக் குழல், அதற்குள் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் நூல் போன்ற ஒரு சூல்தண்டு. ராட்சத ரகத்தின் முதல் இரண்டு கொத்தில் சில மொட்டுகள் வித்தியாசமாக இருக்கும். மொட்டிலேயே தட்டையாக, அகலமாகத் தெரியும். விரிந்தால் இதழ்கள் பன்னிரண்டு, பதினைந்து என்று இருக்கும். காம்பு உருண்டையாக இல்லாமல் பட்டையாக, மற்ற காம்பைப் போல இரண்டு மடங்கு கனமாக இருக்கும். நடுவில் சூல்தண்டு நூல் போல இல்லாமல் ஒரு நாடா போல அகலமாக நிற்கும். இரண்டு மூன்று பூக்கள் ஒன்றாக ஒட்டிப் பிறந்த பூ அது. உலக சாதனைத் தக்காளி வளர்ப்பவர்கள் தேடிக் காத்திருப்பது இதைத்தான். கிடைத்தால் விடாதீர்கள்.

காலை பத்து மணிக்கு மேல், பனி காய்ந்ததும், கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தக்காளியின் மகரந்தம் குழலுக்குள் இருக்கிறது, அதிர்ந்தால்தான் கொட்டும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் உடம்பை அதிரவைத்துச் செய்கிற வேலை இது. மாடியில் அவை குறைவாக வந்தால் நாம் செய்ய வேண்டியதுதான். பேட்டரி பல்துலக்கி இருந்தால் அதன் முதுகைக் காம்பில் ஒரு நொடி வைத்தாலே போதும். ஒட்டுப்பூவில் சூல்தண்டு அகலமானதால் எல்லாப் பக்கமும் மகரந்தம் படும்படி இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் பழம் ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சூம்பிப்போகும்.

பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். கொத்துக்கு ஒன்று. மீதியைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு செடியில் மொத்தம் மூன்று அல்லது நான்கு பழம், அதற்கு மேல் வேண்டாம். நான்காவது பழம் பிடித்ததும் அதற்கு மேல் இரண்டு இலை விட்டுச் செடியின் நுனியையும் கிள்ளிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் "பிஞ்சைக் கிள்ளாதே" என்பார்கள். கிள்ளிய பச்சைப் பிஞ்சு ஒரு வேளைக் கூட்டுக்கு ஆகும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

பழம் கால் கிலோவைத் தாண்டியதும் காம்பு தாங்காது. பழைய காட்டன் சேலைக் கிழிசலில் தொட்டில் மாதிரி கட்டி, கழியில் மாட்டிவிடுங்கள்.

தீனி

நட்ட முதல் மாதம் செடி வளர வேண்டும்: வாரம் ஒரு முறை லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறவைத்த கரைசல்). பூ தெரிந்ததும் அதை நிறுத்திவிடுங்கள், தழைச்சத்து அதிகமானால் இலைதான் கொழிக்கும். பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை, பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா. பிஞ்சு பெருக்கும் நேரத்தில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) தேவை. நம் ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது, அதனால் அடுப்புச் சாம்பலைக் கை நிறைய அள்ளிப் போட நான் சொல்ல மாட்டேன். சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து வேரில் ஊற்றலாம். இயற்கை முறையிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்குப் பைக்கு மாதம் இரண்டு கை மண்புழு உரம்.

பழத்தின் அடி கறுத்துக் குழிந்தால் உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். அது கரைந்து சத்தாக மாற மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பழத்துக்கு உதவாது. சுண்ணாம்புச்சத்து பழத்தின் அடிவரை போய்ச் சேராததால் வரும் கோளாறு அது. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், தண்ணீர் சீராக இல்லாததால் மேலே ஏறியிருக்காது. தண்ணீரைச் சரிசெய்யுங்கள், அடுத்த பழம் நன்றாக வரும்.

நோயும் பூச்சியும்

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டு அட்டையைச் செடியின் உயரத்தில் கட்டுங்கள். வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். இளம் செடியிலேயே சுருட்டு வந்தால் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள்.

பச்சையாக இருக்கும்போதே செடி மளமளவென்று தலை தொங்கினால் பாக்டீரியா வாடலாக இருக்கும். அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளை இழை இறங்கினால் சந்தேகமே இல்லை. அந்தப் பை மண்ணைத் தோட்டத்துக்கு வெளியே கொட்டிவிடுங்கள். காய்ப்புழுவுக்கு ஓரத்தில் நாலு துலுக்கச் சாமந்தி, தினமும் காலை ஒரு பார்வை, கையால் பொறுக்குவது. நாலு பழம் மட்டுமே இருக்கும் செடிக்கு அதுவே போதும்.

மாசி பிறந்ததும் 35 சதவீத நிழல்வலையை மேலே கட்டிவிடுங்கள்.

பறிப்பது

30 டிகிரிக்கு மேல் வெயில் ஏறினால் பழத்தில் சிவப்பு நிறம் சரியாக உருவாகாது, மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். மாசிக் கடைசியில் பழம் செடியிலேயே முழுக்கச் சிவக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடிப்பக்கம் இளஞ்சிவப்பு ஓடியதும் காம்போடு பறித்து, வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில், தோள் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். நான்கைந்து நாளில் பழுக்கும், ருசி குறையாது. ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ரசத்துக்கு இந்தத் தக்காளி தோதுப்படாது, புளிப்பு கம்மி. வட்டமாக நறுக்கி, உப்பும் மிளகுத்தூளும் தூவி அப்படியே சாப்பிடுங்கள்.

எந்தச் செடியிலிருந்து விதை

எல்லாரும் செய்வது, இருப்பதிலேயே பெரிய பழத்தை எடுத்து அதன் விதையை வைப்பது. யோசித்துப் பாருங்கள். ஒரே செடியில் ஒட்டுப்பூவில் வந்த முக்கால் கிலோ பழமும், சாதாரணப் பூவில் வந்த கால் கிலோ பழமும் ஒரே தாயின் பிள்ளைகள். இரண்டின் விதையிலும் இருப்பது ஒரே பரம்பரைக் குணம்தான். பழத்தைப் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள். பக்கத்துச் செடி சுருண்டபோது சுருளாமல் நின்றது எது? தை கடந்து ராத்திரி சூடான பிறகும் பிஞ்சு பிடித்தது எது? உப்புத் தண்ணீரிலும் அடி அழுகாத பழம் தந்தது எது? அந்தச் செடிக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டி வையுங்கள். விதை அதிலிருந்துதான்.

ஒட்டுப்பூப் பழத்தை விதைக்கு வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். சூல்தண்டு குழலுக்குள் ஒளிந்திருப்பதால் வேறு மகரந்தம் வந்து சேர வழி குறைவு. ஒட்டுப்பூவில் சூல்தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்துப் பி.கே.எம். செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து தேய்க்கலாம். அதனால் இரண்டாம், மூன்றாம் கொத்தில் சாதாரண மொட்டு ஒன்றைத் தேர்ந்து, விரியும் முன் மெல்லிய வலைத்துணிப் பையை மாட்டிவிடுங்கள். தினம் ஒரு சுண்டு. பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

தன் மகரந்தப் பயிர் என்பதால் ரகம் தலைமுறைக்குத் தலைமுறை பெரிதாக மாறாது. நோய்ச் செடியின் விதையைத் தவிர்ப்பதும், ரகம் கலக்காமல் வைத்திருப்பதுமே முதல் லாபம். இன்னும் வேகமாக நம் ஊருக்கு ஏற்றதாக மாற்ற வேண்டுமா? ஒரு ரகத்தின் பூவில் இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைக் கையால் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் எம்.சி. பைல்ஸ் என்ற மெக்கானிக் அப்படித்தான் செய்தார். பயிர்ப் பெருக்கம் படித்தவர் இல்லை. பெரிய காய் ரகங்களை நடுவில் ஒரு செடியைச் சுற்றி நட்டு, மகரந்தத்தைக் கையால் சேர்த்து, வருஷா வருஷம் நல்லதைப் பொறுக்கி உருவாக்கியதுதான் மார்ட்கேஜ் லிஃப்டர். நாற்று ஒரு டாலர் என்று விற்று ஆறு ஆண்டில் 6,000 டாலர் வீட்டுக் கடனை அடைத்தார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை.

முறை எளிது. ராட்சதச் செடியில் நாளை விரியப்போகும், இன்னும் வெளிர் மஞ்சளாக இருக்கும் மொட்டை எடுத்து, ஊசியால் மகரந்தக் குழலை முழுக்க நீக்குங்கள், சூல்தண்டு மட்டும் நிற்கட்டும். மறுநாள் காலை, வெயில் தாங்கும் நம் ஊர் ரகப் பூவின் மகரந்தத்தை நகத்தில் தட்டி எடுத்து அதில் தொட்டு வையுங்கள். பை மாட்டுங்கள். அடுத்த ஆண்டு வரும் செடிகள் ஒரே மாதிரி இருக்கும், பழம் நடுத்தரம்தான். அதற்கடுத்த தலைமுறையில்தான் குணங்கள் பிரிந்து வரும். அங்கே பெரிதாகவும் தாங்குவதாகவும் இருப்பதைத் தேட வேண்டும். இட வசதியும் பொறுமையும் உள்ளவர்களுக்கான வேலை, ஆனால் செய்யத் தகுந்த வேலை.

விதையைப் பிரிப்பது

விதைப் பழம் நன்றாகக் கனிந்து, அமுக்கினால் குழையும் அளவுக்கு வரட்டும். குறுக்கே வெட்டி, விதையை வழவழப்புச் சாற்றோடு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வழித்தெடுங்கள். ராட்சத ரகத்தில் சதை அதிகம், விதை கம்மி, அறை அறையாகத் தேடி எடுக்க வேண்டும். மிச்சச் சதையைச் சாப்பிடலாம், எதுவும் வீணாகாது.

ஒவ்வொரு விதையைச் சுற்றியும் ஒரு கோழை உறை இருக்கும். பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுப்பது அதுதான். அதை நீக்கப் புளிக்கவைக்க வேண்டும். கிண்ணத்தில் விதை அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, துணி மூடி, நிழலில் வையுங்கள். குளிர் நாடுகளில் நாலு நாள் என்பார்கள். நம் மாசி மாதச் சூட்டில் இரண்டு நாள் போதும். மேலே வெள்ளை ஆடை படியும், புளித்த நாற்றம் வரும். அதற்கு மேல் விட்டால் விதை கிண்ணத்திலேயே முளைவிட்டுவிடும். இரண்டாம் நாள் மாலை விரலால் ஒரு விதையைத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கல் போய்ச் சொரசொரப்பு தட்டினால் சரி.

நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கும் சதையும் மிதக்கும். மிதப்பதை மெதுவாக வடித்துவிடுங்கள். தண்ணீர் தெளியும் வரை நாலைந்து முறை கழுவி, டீ வடிகட்டியில் எடுங்கள். பிறகு பீங்கான் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். காகிதத்திலும் துணியிலும் வேண்டாம், ஒட்டிக்கொண்டால் பிய்க்கும்போது விதை சேதமாகும். நேர் வெயிலில் வைக்காதீர்கள், ஃபேன் காற்றில் நிழலில் உலரட்டும். முதல் நாள் இரண்டு மூன்று முறை விரலால் கிளறிவிட்டால் கட்டி தட்டாது. ஒரு வாரத்தில், மடக்கினால் வளையாமல் பட்டென்று ஒடியும் பதம் வரும். நன்றாகக் காய்ந்த விதையின் மேல் பட்டு மாதிரி மென்மையான ரோமம் தெரியும், கழுவியது சரி என்பதற்கு அதுவே அடையாளம்.

சேமிப்பும் சோதனையும்

சின்னக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் எழுதுங்கள்: ரகம், எந்தச் செடி, எடுத்த மாதமும் வருஷமும், எந்தக் கொத்து, பை மாட்டியதா இல்லையா, செடி எதைத் தாங்கியது. கடைசித் தகவலை விட்டுவிடாதீர்கள், அடுத்த வருஷம் எதை விதைப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வீர்கள். உறைகளை மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். வேலூர் சித்திரையில் அறை அலமாரியே சுடும், அதனால் பாட்டிலை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது. வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். இப்படி வைத்தால் ஐந்து ஆண்டு கழித்தும் முளைக்கும்.

ஆவணிக் கடைசியில் முளைப்புப் பார்த்துவிடுங்கள். பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி, ஒரு டப்பாவில் மூடி, தினம் நீர் தெளித்து வையுங்கள். பத்து நாளில் எட்டு முளைத்தால் குழிக்கு ஒரு விதை. ஐந்தாறுதான் என்றால் குழிக்கு இரண்டு போட்டு, முளைத்த பிறகு ஒன்றைக் கிள்ளிக்கொள்ளலாம். மூன்றுக்குக் கீழே போனால் அந்த உறையை நம்பிப் பட்டத்தை வீணாக்க வேண்டாம், முந்தைய வருஷத்து உறையையும் சோதித்துப் பாருங்கள். துணியில் முளைத்ததைத் தூக்கிப் போடாமல், வேர் அரை அங்குலம் வருவதற்குள் ஒரு குச்சியால் எடுத்துக் குழித்தட்டில் வைத்துவிடலாம்.